நெஞ்சுக்குள் நுழைந்த வயிறு: பூனை, நாய்களின் மார்பு அறுவைச் சிகிச்சை

மாணவர்களே, மூன்றாம் படிவ அறிவியலில் சுவாசப் பாடம் வரும்போது ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரி உருவம் செய்வோம். அடிப்பக்கம் திறந்த மணிச்சாடி. அதற்குள் இரண்டாகக் கவைவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் இரு முனைகளிலும் இரண்டு பலூன்கள். சாடியின் அடியில் இறுக்கிக் கட்டிய ரப்பர்த் தாள். தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும், விட்டால் சுருங்கும். பலூன் நுரையீரல், ரப்பர்த் தாள் உதரவிதானம் என்று குறிப்பேட்டில் படம் வரைந்து பெயர் குறிப்பீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு குழு பலமாக இழுத்து ரப்பர்த் தாளைக் கிழித்துவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் பலூன் அசையாது. பலூனுக்கு ஒரு சேதமும் இல்லை, குழாயிலும் அடைப்பு இல்லை. ஆனாலும் மூச்சு நின்றுபோகும். தேர்வுக்குப் பயன்படும் முழு மாதிரியைவிட இந்தக் கிழிந்த மாதிரி அதிகம் கற்றுத் தருகிறது என்பது என் எண்ணம். ஏனென்றால், நம் தெருக்களில் அடிபடும் பூனைகளுக்கு நேர்வது ஏறக்குறைய இதுதான்.

சாலையில் அடிபட்ட பூனை

ஜொகூர் பாருவோ கூலாயோ குளுவாங்கோ, எந்த வீடமைப்புப் பகுதியிலும் காருக்கு அடியில் படுத்திருக்கும் பூனைகளைப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்று சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் வயிற்றில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூனை எழுந்து ஓடிவிடுகிறது. இரத்தம் இல்லை, காலும் உடையவில்லை. “தப்பித்தது” என்று எல்லாரும் நினைப்பார்கள்.

மோதிய கணத்தில் உள்ளே நடந்ததைப் பாருங்கள். வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று பல மடங்கு கூடுகிறது. மார்பிலோ காற்று வெளியேற வழி திறந்தே இருக்கிறது. அங்கே எதிர் அழுத்தம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள சுவர் உதரவிதானம் மட்டும்தான். அது ஒரு மெல்லிய தசைத் தகடு. அழுத்த வேறுபாடு எல்லை மீறினால் தசைப்பகுதி கிழிகிறது. கிழிசல் வழியாக வயிற்று உறுப்புகள் மார்புக்குள் நழுவுகின்றன. பெரும்பாலும் முதலில் போவது கல்லீரல். சிறுகுடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவையும் போகலாம். இதற்கு உதரவிதானக் குடலிறக்கம் என்று பெயர். பெயரில் ‘இறக்கம்’ இருந்தாலும் இங்கே நடப்பது ஏற்றம்!

நம் மணிச்சாடிக்கும் பூனைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாடியின் ரப்பர் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பூனையின் வயிறு மூடியிருப்பதால் காற்று புகுவதில்லை. அந்த இடத்தில் குடலும் கல்லீரலும் புகுகின்றன. விளைவு ஒன்றுதான். நுரையீரல் விரிய இடமில்லை, அதை விரிக்கும் தசையும் சரியாக வேலை செய்வதில்லை.

நுரையீரல் தானாக விரியும் உறுப்பு அன்று. அதற்குத் தசை இல்லை. ரப்பர்போல் எப்போதும் சுருங்கவே பார்க்கும். அதை விரித்துப் பிடித்திருப்பது நுரையீரலுக்கும் விலா எலும்புச் சுவருக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடைவெளி. அதில் சிறிதளவு திரவம் மட்டுமே உண்டு. அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. ஓய்வு நிலையில் சுமார் 5 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவுதான். இரண்டு ஈரமான கண்ணாடித் தகடுகளை ஒட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள். வழுக்கும், ஆனால் எளிதில் பிரியாது. நுரையீரலும் மார்புச் சுவரும் அப்படி ஒட்டியிருக்கின்றன. இடையில் காற்றோ நீரோ சீழோ இரத்தமோ குடலோ புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

அடிபட்ட சில பூனைகள் வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட இந்தக் காயத்தோடு நடமாடுவது உண்டு. பூனைக்கு நோயை மறைக்கும் இயல்பு அதிகம். ஓடுவதைக் குறைத்துக்கொள்ளும், மூலையில் குந்தியிருக்கும். ‘சோம்பேறி ஆகிவிட்டது’ என்று வீட்டார் சொல்வார்கள். பின்னர் ஒருநாள் மார்புக்குள் இருக்கும் இரைப்பை வாயுவால் உப்பும். அப்போது சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். அடிபட்ட பூனை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான். சாதாரணப் படத்தில் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே உதரவிதானம் வளைந்த கோடாகத் தெளிவாகத் தெரியும். கிழிந்த பூனையின் படத்தில் அந்தக் கோடு காணாமல் போய், நெஞ்சுக்கூட்டுக்குள் குடலின் வாயுக் குமிழிகள் தெரியும்.

மார்பைத் திறக்க முடியாமல் இருந்த காலம்

கிழிசலைத் தைத்துவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். கடந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை மருத்துவர்களுக்கு அது முடியாத காரியமாக இருந்தது. வயிற்றைத் திறந்தார்கள், மண்டை ஓட்டைக்கூடத் திறந்தார்கள். மார்பைத் திறந்தால் மட்டும் காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருங்கிவிடும். மனிதனானாலும் நாயானாலும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறக்க நேரிடும்.

விடைக்கான துப்பு அதற்கு வெகு காலம் முன்பே கிடைத்திருந்தது. சுருள்வில் விதியில் நீங்கள் படிக்கும் அதே ராபர்ட் ஹூக், 1667 அக்டோபரில் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் மூச்சுக்குழாய்க்குள் தொடர்ந்து காற்றைச் செலுத்தினார். நுரையீரல் அசையாமல் இருந்தபோதும் நாய் உயிரோடு இருந்தது. உயிரைக் காப்பது நுரையீரலின் அசைவு அன்று, அதற்குள் வரும் புதிய காற்றுதான் என்று அதனால் தெரிந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. இதே வகைச் சோதனையை 1664இல் ஒருமுறை செய்துவிட்டு, அந்த உயிரின் வேதனையைக் கண்டபின் இனி இப்படிச் செய்ய மனம் வராது என்று ராபர்ட் பாயிலுக்கு ஹூக் கடிதம் எழுதியிருந்தார். ஆயினும் மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி செய்தார். அறிவியல் வரலாற்றில் இந்த முரணையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1904இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று அது போலந்தில் உள்ளது) ஃபெர்டினான்ட் சாவர்பிருக் என்ற இளம் அறுவை மருத்துவர் வேறு வழியில் சிந்தித்தார். மார்பைத் திறந்தால் வெளிக்காற்று நுரையீரலை அமுக்குகிறது. அப்படியானால் வெளிக்காற்றின் அழுத்தத்தையே குறைத்துவிட்டால்? காற்றுப்புகாத ஓர் அறையைக் கட்டி, அதன் அழுத்தத்தை வெளியே இருப்பதைவிடக் குறைத்தார். அறுவை செய்யப்படும் உடலும் மருத்துவர்களும் அறைக்குள்ளே. தலை மட்டும் கழுத்துப்பட்டை வழியாக வெளியே. முதலில் விலங்குகளிடம் சோதித்தார். மார்பு திறந்திருந்தும் நுரையீரல் சுருங்கவில்லை. மணிச்சாடி மாதிரியின் சாடியை ஓர் அறையளவு பெரிதாக்கிய யோசனை இது! ஆனால் ஒவ்வோர் அறுவைக்கும் ஓர் அறையையே சுமப்பது நடக்கிற காரியமா?

1909இல் நியூயார்க்கில் மெல்ட்சரும் ஆவரும் எளிய வழியைக் காட்டினார்கள். நாயின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி, அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினார்கள். வெளியே உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே ஊதுவது. ஹூக்கின் துருத்தியே திரும்பி வந்தது எனலாம். இன்று மனிதருக்கும் விலங்குக்கும் நடக்கும் மார்பு அறுவைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குழாய்தான் அடிப்படை.

அறுவை மேசையில்

உதரவிதானம் கிழிந்த பூனையை வந்தவுடன் மேசையில் கிடத்திவிட மாட்டார்கள். முதலில் உயிர்வாயு, வலி மருந்து, அதிர்ச்சிக்குச் சிகிச்சை. இரைப்பை மார்புக்குள் சிக்கியிருந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை. எப்போது அறுப்பது என்பதுதான் மருத்துவருக்கு மிகக் கடினமான முடிவு. பலவீனமான பூனை மயக்க மருந்தைத் தாங்காது; தாமதித்தாலும் நிலைமை மோசமாகலாம்.

மயக்கம் தொடங்கும் நிமிடம் ஆபத்தானது. விழித்திருக்கும்போது பூனை விலாத் தசைகளை முழுமூச்சாகப் பயன்படுத்தித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருந்தது. மயக்கத்தில் அந்த முயற்சி நிற்கும். ஆகவே மிக விரைவாக மூச்சுக்குழாயில் குழாய் செருகப்படும். பென்சில் பருமன்கூட இல்லாத குழாய் அது. அதன்பின் ஒருவர் சிறு பையை அழுத்தியோ கருவி மூலமோ பூனைக்காக மூச்சுவிட வேண்டும். மார்பின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். புவியீர்ப்பு இங்கே இலவசமாக உதவுகிறது. உறுப்புகள் வயிற்றுப் பக்கமாகச் சரியும்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த மார்பு நோய்க்குப் பெரும்பாலும் வயிற்றின் நடுக்கோட்டில்தான் திறப்பார்கள். கிழிசலின் இருபுறமும் அங்கிருந்து எட்டும். கல்லீரலையும் குடலையும் மெதுவாகக் கீழே இறக்கி, எட்டாத ஆழமான மூலையிலிருந்து தையலைத் தொடங்குவார்கள். கடைசி முடிச்சுக்கு முன்போ பின்போ மார்பில் புகுந்த காற்றை ஊசியாலோ குழாயாலோ உறிஞ்சி எடுப்பார்கள். அந்தக் குறைந்த அழுத்தம் திரும்ப வந்தால்தான் பூனை சொந்தமாக மூச்சுவிடும்.

நீண்ட நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரலை ஒரே மூச்சில் ஊதி விரிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பிவிடும். வெற்றிகரமாக முடிந்த அறுவைக்குப் பிறகு பூனை இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சுருங்கிய பகுதியைத் தானாகவே மெல்ல விரிய விடுவது நல்லது. பொறுமைதான் அங்கே திறமை.

தேவைப்பட்டால் மார்பில் ஒரு வடிகுழாய் சில நாள் இருக்கும். சண்டையில் கடிபட்ட பூனைகளுக்கு மார்புக்குள் சீழ் கட்டுவது உண்டு. அவற்றுக்கு இந்த வடிகுழாய்தான் முதன்மைச் சிகிச்சை. சீழை வெளியேற்றி, உப்புநீரால் தினமும் கழுவி, கூடவே நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பார்கள். வடிகுழாயின் மறுமுனையை ஒரு புட்டியில் நீருக்கு அடியில் மூழ்கவைக்கும் முறையும் உண்டு. மார்புக்காற்று குமிழியாக வெளியேறும். நீர் தடுப்பதால் வெளிக்காற்று உள்ளே போகாது. இரண்டு சென்டிமீட்டர் நீர் ஓர் ஒருவழிக் கதவாக வேலை செய்கிறது. நீரழுத்தப் பாடம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு என்னிடம் உள்ள பதில் இது.

கொசு கொண்டுவரும் நெஞ்சு நோய்

எல்லா மார்பு நோய்க்கும் விபத்து காரணமில்லை. நம் நாட்டு வெப்பத்தில், நாய்களுக்கு மிகவும் அஞ்சத்தக்கது இதயப்புழு. பெண்புழு 25 முதல் 30 சென்டிமீட்டர்வரை வளரும். பார்ப்பதற்கு வேகவைத்த மீஹூன் இழைபோல் இருக்கும். பெயர் இதயப்புழு என்றாலும் அது பெரும்பாலும் வசிப்பது இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனிகளில்.

புழுவின் குட்டிகள் நாயின் இரத்தத்தில் மிதக்கும். கொசு கடிக்கும்போது அவை கொசுவுக்குள் போகின்றன. அங்கே ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைகின்றன. இந்த வளர்ச்சிக்கு வெப்பம் வேண்டும். 14 பாகை செல்சியசுக்குக் கீழே அது நின்றுவிடும். குளிர்நாடுகளில் குளிர்காலம் நாய்களுக்கு விடுமுறை தருகிறது. ஜொகூரில் எந்த மாதத்தில் 14 பாகை வந்தது? இங்கே ஆண்டு முழுவதும் புழுவுக்குப் பருவகாலம்தான். மீண்டும் கொசு கடித்து நாய்க்குள் நுழைந்த இளம்புழு, தோலுக்கடியிலும் தசைகளிலும் பயணம் செய்து, ஆறேழு மாதத்தில் முதிர்ந்து குட்டிபோடும். நாயின் உடலில் ஐந்து முதல் ஏழு ஆண்டுவரை வாழும்.

தமனிச் சுவர் தடித்து, இரத்த ஓட்டம் தடைபட்டு, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். இருமல், சோர்வு, மெலிவு, பிறகு வயிற்றில் நீர். புழுக்கள் மிகுந்துவிட்டால் இதயத்தின் வலது அறைகளுக்குள்ளும் பெருஞ்சிரைக்குள்ளும் திரண்டு வால்வை அடைத்துவிடும். இரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீர் சிவக்கும். அந்நிலையில் மருந்து பயன்படாது, அறுவைதான் வழி. ஆனால் மார்பைத் திறப்பதில்லை. கழுத்துச் சிரையில் சிறு துளையிட்டு, நீண்டு வளையும் இடுக்கியை இதயம்வரை செலுத்தி, புழுக்களை ஒவ்வொரு கற்றையாக வெளியே இழுப்பார்கள். புழு உள்ளே அறுந்துவிட்டால் நாய்க்குக் கடும் அதிர்ச்சி ஏற்படலாம். ஆகவே அவசரப்பட முடியாது.

அந்த நிலைக்கு வராத நாய்க்குப் புழுவைக் கொல்லும் ஊசி உண்டு. அதிலும் ஒரு சிக்கல். செத்த புழு எங்கே போகும்? அது துண்டு துண்டாக நுரையீரல் நாளங்களில் போய் அடைக்கும். எனவே சிகிச்சை நடக்கும் மாதங்களில் நாயை ஓடவிடக் கூடாது. கூண்டிலோ சங்கிலியிலோ அமைதியாக வைத்திருப்பதுதான் பல வீடுகளில் மருந்தைவிடக் கடினமான பகுதி.

தடுப்பதோ மிக எளிது. மாதம் ஒரு மாத்திரை. ஜப்பானிய மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வில்லியம் கேம்பலின் குழு உருவாக்கிய ஐவர்மெக்டின், 1987இல் அமெரிக்காவில் நாய்களின் இதயப்புழுத் தடுப்பு மருந்தாக வந்தது. அதே மருந்து ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயிலிருந்து மனிதர்களைக் காத்தது. இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. தடுப்பு தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை அவசியம். கோலி இன நாய்கள் சிலவற்றின் மரபணு மாற்றத்தால் இம்மருந்தின் அதிக அளவு அவற்றின் மூளையைத் தாக்கும். ஆடு, மாட்டுக்கு வாங்கிய மருந்தைத் தோராயமாகப் பிரித்து நாய்க்குப் போடுவது அதனால் ஆபத்து.

பூனைக்கும் இதயப்புழு வரும். ஒன்றிரண்டு புழுதான் இருக்கும். ஆனால் பூனையின் உடல் சிறியது, அந்த ஒன்றே அதைக் கொல்லப் போதும். பூனைக்கு அந்தக் கொல்லும் ஊசியும் பாதுகாப்பானதன்று.

இடையில் ஒரு செய்தி. இதயப்புழுவின் தூரத்து உறவான இன்னொரு கொசுப்புழுவின் பெயரில் நம் மாநிலம் ஒன்று இருக்கிறது. 1956இல் பக்லி, எட்சன் என்ற இருவர் மலாயாவின் நாய், பூனைகளிடம் கண்டு விவரித்த புழு அது. பகாங் என்ற பெயரைச் சேர்த்து இன்று அதை புரூகியா பகாங்கி என்கிறார்கள். அது வாழ்வது நெஞ்சில் அன்று, நிணநீர் நாளங்களில்.

அன்னாவின் படம்

மார்பு அறுவையில் நாய் நோயாளி மட்டுமன்று. ஆசிரியராகவும் இருந்திருக்கிறது, அதன் விருப்பத்தைக் கேட்காமலே.

கருவில் இருக்கும் குட்டிக்கு நுரையீரல் தேவையில்லை. ஆகவே நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைத்து ஒரு குறுக்குவழிக் குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது மூடிக்கொள்ளும். சில நாய்க்குட்டிகளுக்கு, பூடில் போன்ற சிறு இனங்களில் அதிகமாக, மூடாது. இரத்தம் தவறான வழியில் பாய்ந்து இதயத்தைக் களைக்கச் செய்யும். மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்தால் ‘லப்-டப்’புக்குப் பதில் ஓயாமல் இயந்திரம் ஓடுவதுபோல் ஓசை கேட்கும். இடப்பக்கம் நான்காம் விலா இடைவெளியில் திறந்து அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் பெரும்பாலான குட்டிகள் சாதாரண வாழ்நாள் வாழும். இப்போது தொடைத் தமனி வழியாகச் சிறு அடைப்பானை அனுப்பியும் மூடுகிறார்கள். இதே அறுவையை மனிதரிடம் முதலில் வென்றவர் ராபர்ட் கிராஸ்; 1938இல் பாஸ்டனில், ஏழு வயதுச் சிறுமிக்கு.

அடுத்த பெரிய அடி 1944இல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விவியன் தாமஸ் என்ற கறுப்பின ஆய்வுக்கூட உதவியாளர், மருத்துவப் பட்டம் இல்லாதவர், உடல் நீலம் பாரிக்கும் இதயக் குறைக்கான அறுவையை நாய்களிடம் செய்துசெய்து முறைப்படுத்தினார். அவற்றுள் நெடுநாள் பிழைத்த ஒரு நாய்க்கு அன்னா என்று பெயர். 1944 நவம்பர் 29 அன்று 15 மாதக் குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளேலாக் அறுவை செய்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னால் முக்காலியில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னார். அன்னாவின் உருவப்படம் அந்த மருத்துவமனைச் சுவரில் மாட்டப்பட்டது. தாமசுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் 1976இல்தான் கிடைத்தது. நாய்க்கு முன்னதாக மதிப்பு வந்தது, மனிதருக்குத் தாமதமாக வந்தது. இதில் எது அதிக வருத்தம் என்பதை உங்களிடமே விடுகிறேன்.

வீட்டில் கவனிக்க

மார்பு நோயை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையான கருவி ஒரு கைக்கடிகாரம். நாயோ பூனையோ ஆழ்ந்து தூங்கும்போது விலாப்பகுதி எழுந்து அடங்குவதை ஒரு மூச்சாக எண்ணுங்கள். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் என்று நாள்தோறும் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது உடலைக் குளிர்விக்க, அது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அது இயல்பன்று. முழங்கைகளை உடலிலிருந்து விலக்கி, கழுத்தை நீட்டி, படுக்க மறுத்துக் குந்தியிருந்தால் அவசரம்.

அடிபட்ட பூனையை மல்லாத்திக் கிடத்தாதீர்கள். வயிற்று உறுப்புகள் நுரையீரல்மேல் சரியும். மார்பை இறுக்கித் தூக்காமல், துணியோடு அள்ளி அட்டைப்பெட்டியில் வைத்து, முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி கொண்டுபோங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வலிக்குமே என்று பனடோல் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமோலைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மனிதருக்கான ஒரே மாத்திரை அதன் இரத்தத்தைப் பழுப்பாக்கி, உயிர்வாயுவைச் சுமக்க முடியாததாக்கிக் கொன்றுவிடும். ஏற்கெனவே நுரையீரல் பாதி சுருங்கிய பூனைக்கு அது இரட்டை அடி.

பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரேயும் உயிர்வாயுவும் இருந்தால் முதல் சிகிச்சை அங்கேயே நடக்கும். சிக்கலான மார்பு அறுவைகளைச் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கும் அனுப்புவது உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போகும் நிலையில் விலங்கு இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: எப்போது அடிபட்டது, ஈறின் நிறம் இளஞ்சிவப்பா வெளிறியதா நீலமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு.